பயிர் என்னும் பெயரில் மறைந்த புல்: புதுச்சேரி வட்டாரக் கினியாப்புல்லும் உலர்தாவரப் பதிவுகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினியாப்புல் தென்னிந்தியக் கிழக்குக் கரையில் தீவனப் பயிராக நுழைந்து, பின்னர்த் தானே முளைத்துப் பரவும் புல்லாக நிலைபெற்றது. இம்மாற்றத்தின் காலத்தை உலர்தாவரப் பதிவுகளைக் கொண்டு அறிய முயலும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை புதுச்சேரி வட்டாரத்தை மையமாக வைத்து ஆராய்கிறது. பதிவுகளில் உள்ள இடைவெளி புல்லின் இன்மையைக் காட்டுவதன்று. சேகரித்தோரின் நோக்கையும், ஆட்சி எல்லைகளையும், தாளின் அளவையும்கூடக் காட்டுவது என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கினியாப்புல், உலர்தாவரக் காப்பகம், புதுச்சேரி, அயல் தாவரம், தாவரவியல் வரலாறு.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் வழியில், உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் அமைந்துள்ளது மூலக்குளம். பெயரிலேயே குளத்தைத் தாங்கிய இவ்வூர் இன்று நகரத்தின் மேற்குப் புறமாகவே மாறிவிட்டது. வீடு எழும்பாத மனைகள், வாய்க்கால் கரைகள், தென்னை நிழல், மாட்டுக்கொட்டகையின் பின்புறம் ஆகியவை இத்தகைய நகர விளிம்பு ஊர்களில் கினியாப்புல்லுக்கு உகந்த இடங்கள். ஆளுயரத்திற்கு மேல் தூராக எழுந்து, உச்சியில் விரிந்த பூங்கொத்துடன் நிற்கும் இப்புல்லை இக்கரையோர மக்கள் நன்கு அறிவர். மாடு வளர்ப்போர் அதனை அறுத்துச் செல்கின்றனர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்போர் அரிது.

அறுகு, நாணல், தருப்பை, விழல், கொழுக்கட்டைப்புல் எனத் தமிழில் புற்களுக்குப் பழம்பெயர்கள் பல உள்ளன. கினியாப்புல்லின் பெயரோ தன் அயன்மையைத் தானே அறிவிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயர் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்நாட்டு உழவர் வாய்க்கு வந்து சேர்ந்துள்ளது. பெயர் வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. புல் வந்த வழியும் அது வயலைத் தாண்டிய காலமும் அவ்வளவு தெளிவாக இல்லை. இவ்வகை வினாக்களுக்கு விடை தேடுவோர் முதலில் நாடுவது ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தை. ஒரு செடி, ஓர் இடம், ஒரு நாள், ஒரு சேகரிப்பாளர் ஆகிய நான்கையும் ஒரே தாளில் பிணைத்து வைக்கும் சான்று அங்குதான் கிடைக்கும். அச்சான்றை எவ்வளவு நம்பலாம், எதற்கு நம்பலாம் என்பதே இங்கு வினா.

தீவுகளின் வழியே ஒரு புல்

கினியாப்புல்லுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த தாவரவியலாளர் நிக்கோலஸ் ஜாக்குவின். 1781ஆம் ஆண்டு பானிக்கம் மாக்ஸிமம் என்று அவர் பெயரிட்டார். அவர் விவரித்த செடியின் மூலம் கரீபியத் தீவான குவாதலூப். ஆப்பிரிக்கப் புல் ஒன்று தன் தாயகத்தில் அன்றி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், கரும்புத் தோட்டங்களின் தீவில் வளர்ந்த நிலையில் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அயல் தாவரமாக மாறிய பிறகே அதற்குப் பெயர் கிடைத்தது என்பது இவ்வரலாற்றின் முதல் முரண்.

கரீபியத்திற்கு அது சென்ற விதம் பற்றி ஒரு கதை உண்டு. ஜமைக்காவின் தலைமை நீதிபதி எல்லிஸ் என்பவருக்குக் கினிக் கரையிலிருந்து சில பறவைகள் அன்பளிப்பாக வந்தன. அவற்றுக்கு இரையாகக் கொண்டுவரப்பட்ட விதைகளில் எஞ்சியவை எறியப்பட்ட இடத்தில் முளைத்தன என்று பிரையன் எட்வர்ட்ஸ் 1793இல் வெளியிட்ட மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய வரலாற்றில் எழுதியுள்ளார். கதை அழகானதுதான். ஆனால் அதே கரையிலிருந்து அதே கடல்வழியில் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்ட மனிதர்களைப் பற்றி அக்கதை ஒன்றும் பேசவில்லை. ஒரு கூண்டுப் பறவையைக் காட்டிலும் அக்கப்பல்களின் பெரும் போக்குவரத்தே விதைகள் கடந்து செல்வதற்கு வாய்ப்பளித்திருக்கும் என்று கருதுவது பொருந்தும்.

இந்தியாவுக்குக் கினியாப்புல் 1793இல் வந்தது என்பது வேளாண் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. வில்லியம் ராக்ஸ்பரோ கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றதும் அவ்வாண்டில்தான். புதுச்சேரியைப் பொறுத்தவரை 1793க்கு வேறொரு பொருளும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் நகரைக் கைப்பற்றின. 1816இல்தான் அது மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தது. எனவே ஒரே நாட்டு வரலாற்றில் ‘வருகை ஆண்டு’ என்று ஒன்றைக் குறிப்பது இப்பகுதிக்குப் போதாது. ஒரு துறைமுகத்தில் ஒரு மூட்டை விதை இறங்கியதைக் குறிக்கும் ஆண்டு வேறு. அப்புல் ஒரு வட்டாரத்தில் தானாக வாழத் தொடங்கிய காலம் வேறு. முன்னதைக் கடிதங்களும் பண்ணைக் கணக்குகளும் கூறக்கூடும். பின்னதைக் கூற உலர்தாவரத் தாள் ஒன்றுக்கே தகுதி உண்டு.

இங்கு நினைவில் கொள்ளத்தக்க இன்னொரு தொடர்பும் உள்ளது. 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு குவாதலூப்பை அடைந்தது. அதனைத் தொடர்ந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் பலர் அத்தீவுக்குச் சென்றனர். ரீயூனியன் தீவுக்கும் அவ்வாறே. 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இப்பெயர்வை விரிவாக்கின. ரீயூனியனுக்கான ஆள் அனுப்புதல் 1882இல் நிறுத்தப்பட்டது. ரீயூனியனிலும் மொரீஷியசிலும் கினியாப்புல்லுக்கு ‘ஃபதாக்’ என்று பெயர். அதன் பூங்கொத்துகளைக் கட்டித் துடைப்பம் செய்வது ரீயூனியனில் வழக்கம். ஜாக்குவின் பெயரிட்ட புல்லின் மண்ணிலும், ஃபதாக் வளரும் மண்ணிலும் புதுச்சேரி வட்டாரத்துத் தமிழர் உழைத்தனர். இதிலிருந்து, திரும்பி வந்தோர் விதை கொண்டுவந்தனர் என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை. ஆனால் இப்புல்லை ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மட்டுமே அறிந்திருந்தனர் என்னும் எண்ணத்தை இது ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. தாவர வரலாற்றில் பூங்காக் கண்காணிப்பாளர் பெயர்கள் நிற்கின்றன. அறுத்தவர் பெயர்கள் நிற்பதில்லை.

ஒரு கரை, பல தலைநகரங்கள்

தமிழகக் கிழக்குக் கரையின் தாவரங்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மிக நெருக்கமாகச் சேகரிக்கப்பட்டவை. டேனியர் ஆண்ட தரங்கம்பாடியில் லின்னேயசின் மாணவரான கோனிக் 1768 முதல் பணியாற்றினார். அவரைத் தொடர்ந்து ராட்லர், கிளைன் முதலிய மறைபணியாளர்கள் அம்மரபை வளர்த்தனர். புதுச்சேரியில் 1816 முதல் 1822 வரை லெஷெனோ த லா தூர் சேகரித்தார். 1826இல் அங்குத் தாவரவியல் பூங்கா நிறுவப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பிலிருந்த பெரோத்தே 1870இல் இறக்கும் வரை இந்நகருடன் பிணைந்திருந்தார். சென்னை மாகாணத்தின் பக்கத்தில் ராபர்ட் ஒய்ட்டின் பெருந்தொகுப்பு உருவாயிற்று. 1853இல் கிளெக்ஹார்ன் தொடங்கிய சென்னை உலர்தாவரக் காப்பகம் பின்னர்க் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, இன்று இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ளது.

இவ்வளவு இருந்தும் ஒரு வட்டாரத்தின் வரலாற்றை எழுத முயல்வோருக்கு அவை ஒன்றுசேரக் கிடைப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் சேகரித்தவை பாரிசுக்குச் சென்றன. ஆங்கிலேயர் சேகரித்தவை கியூவுக்கும் எடின்பரோவுக்கும். தரங்கம்பாடித் தாள்கள் கோபன்ஹேகனுக்கும் வேறு பல இடங்களுக்கும். காரைக்காலும் தரங்கம்பாடியும் அண்டை ஊர்கள். அவற்றின் செடிகள் மட்டும் ஐரோப்பாவின் இரு வேறு நகரங்களில் அடுக்கப்பட்டன. புல் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றதில்லை. அதன் பதிவோ எல்லைக்கல்லால் பிளவுபட்டது. கேம்பிள் 1915இல் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் 1936இல் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவரநூல் இன்றும் இப்பகுதிக்கு அடிப்படை நூல். அதன் பெயரே அதன் எல்லையைக் கூறுகிறது. மாகாணத்திற்கு நடுவே தீவுகளாகக் கிடந்த பிரெஞ்சு ஊர்கள் அந்நூலின் மாவட்டப் பகுப்பில் இயல்பாக அமைவதில்லை.

பிளவுக்கு மேல் இன்னொரு குறை, இடப்பெயரின் தெளிவின்மை. ஒய்ட் தொகுப்பிலிருந்து பல நாடுகளுக்கும் பகிரப்பட்ட தாள்களின் அச்சிட்ட சீட்டில் ‘இந்தியத் தீபகற்பம்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரே இடமாக நிற்கிறது. பிரெஞ்சுத் தாள்களில் ‘பொந்திஷேரி’ என்பதோடு நிறைவடைவன உண்டு. இருபதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் கிலோமீட்டர் கல்லையும் கடல்மட்ட உயரத்தையும் குறித்த நிலையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘பொந்திஷேரி’ என்ற ஒரு சொல்லுக்குள் கடற்கரை மணலும், உழவர்கரையின் செம்மண்ணும், ஊசுடு ஏரிக்கரையும், மூலக்குளத்தின் குளக்கரையும் அடங்கிவிடுகின்றன. செம்மண்ணில் வளர்ந்ததா, நீர்க்கரையில் வளர்ந்ததா என்பது ஒரு புல்லைப் பொறுத்தவரை சிறிய வேறுபாடு அன்று.

தாளில் அடங்காத புல்

உலர்தாவரத் தாள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்டது. கினியாப்புல் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். அதனைத் தாளில் பொருத்த வேண்டுமாயின் தண்டை ‘ந’ போலவும் ‘ல’ போலவும் பலமுறை மடிக்க வேண்டும். அல்லது பூங்கொத்தையும் ஒரு கணுவையும் மட்டும் எடுத்துக்கொண்டு அடித்தூரை விட்டுவிட வேண்டும். தூர் இல்லாவிடில் அது பலபருவச் செடியா, எவ்வளவு அகலமாகத் தூர் கட்டியது என்பன தெரியாமற் போகும். களத்தில் நின்று காலை முதல் செடி சேர்த்து, மாலையில் அழுத்துபலகையில் அடுக்குபவர் கைக்கடக்கமான செடியை விரும்புவது இயல்பு. பெரும்புற்களும் மூங்கில்களும் தாழைகளும் காப்பகங்களில் குறைவாக இருப்பதற்கு இந்த எளிய காரணமும் ஒன்று. அரிதான செடியைத் தேடி வந்தவர், தம் விடுதியின் பின்புறத்தில் குதிரைக்காகப் பயிரிட்ட புல்லைத் தாளில் ஒட்டியிருக்க வாய்ப்புக் குறைவு.

பயிர் என்பது இங்கு முதன்மையான சொல். தாவரநூல்கள் ‘இயல்பாக வளர்வன’ என்றும் ‘பயிரிடப்படுவன’ என்றும் செடிகளைப் பிரித்தன. முதல் வகைக்கே முழு விவரிப்பு. இரண்டாம் வகை பல நூல்களில் ஓரிரு வரிகளோடு நின்றது. பயிராக வந்த புல் ஒன்று வரப்பைத் தாண்டிச் சாலையோரத்திற்கு வந்தபின்னும், கண்டவர் அதனை யாரோ நட்டது என்றே எண்ணிக் கடந்தனர். விதை நட்ட நிலத்திற்கும் விதை சிந்திய நிலத்திற்கும் இடையிலான கோட்டைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று. கினியாப்புல்லின் மணிகள் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. முதிர்ந்தவை உடனே உதிர்ந்துவிடும். அதன் விதைகள் பெரும்பாலும் கருவுறாமலே உருவாகின்றன. ஆதலின் ஒரு தூரிலிருந்து பரவிய செடிகள் தாயை அப்படியே ஒத்திருக்கும். பயிரும் பயிரிலிருந்து தப்பியதும் தோற்றத்தால் ஒன்றே. இரண்டையும் பிரிப்பது சீட்டில் சேகரிப்பாளர் எழுதும் ஒரு வரி மட்டுமே. அவ்வரி எழுதப்படாத தாள், செடியைக் காப்பாற்றிவிட்டு வரலாற்றை இழந்த தாள்.

பெயர்மாற்றமும் இதனோடு சேர்கிறது. பானிக்கம் என்னும் பேரினம் அளவுக்கு மீறி விரிந்திருந்ததால் புல் அறிஞர்கள் அதனைப் பிரித்தனர். மேல் மணியுறையில் குறுக்காகச் சுருக்கங்கள் இருப்பதும், இலையில் நடைபெறும் ஒளிச்சேர்க்கை வழியும் கினியாப்புல்லை மற்றப் பானிக்கங்களிலிருந்து விலக்கின. 1987இல் அது யுரோக்ளோவா பேரினத்திற்கு மாற்றப்பட்டது. 2003இல் மெகாதிர்சஸ் மாக்ஸிமஸ் ஆயிற்று. போர் 1960இல் வெளியிட்ட இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் புற்கள் பற்றிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கிய காப்பகத்தில் இப்புல் ஓர் உறையில் இருக்கும். புதிய பெயரைப் பின்பற்றும் காப்பகத்தில் வேறோர் உறையில். மூன்று பெயர்களையும் தேடாத ஆய்வாளர் எண்ணிக்கையைக் குறைத்தே பெறுவார்.

எண்ணிக்கையை எவ்வாறு படிப்பது

தமிழகத்தில் புற்கள் மீதான சேகரிப்பு ஒரே வேகத்தில் நடந்ததன்று. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய ரங்காச்சாரியார், தடுலிங்க முதலியாரின் துணையுடன் 1921இல் தென்னிந்தியப் புற்கள் சிலவற்றுக்கான கையேட்டை வெளியிட்டார். உழவர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் வகையில் புற்களைப் படத்துடன் விளக்கிய முன்னோடி நூல் அது. ஐரோப்பியர் நிறைந்த துறையில் இரு தமிழகத்து அறிஞர்கள் புல்லைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. அடுத்த பெருமுயற்சி திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலிருந்து வந்தது. அங்கு அருள்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் நிறுவிய ராப்பினாட் உலர்தாவரக் காப்பகம், தமிழகக் கர்நாடிகச் சமவெளிக்கான தாவரநூலை 1981 முதல் 1983 வரை தொகுதிகளாக வெளியிட்டது. அதற்காகச் சமவெளியும் குன்றுகளும் முறையாக நடந்து தேடப்பட்டன.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகம் வேறு நோக்கில் வளர்ந்தது. கோசென், லெக்ரி, வியார் ஆகியோரின் பணியால் கன்னியாகுமரித் தாவரப்போர்வை வரைபடம் 1961இல் வெளிவந்தது. தொடர்ந்த பணிகள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மீது கவனம் குவித்தன. மரங்களே அக்காப்பகத்தின் பெருஞ்செல்வம். புனித லூயி வீதியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள மூலக்குளத்தின் வாய்க்கால் புல்லைவிட, குடகு மலையின் மரங்களுக்கு அங்கு இடம் மிகுதி. இது குறையன்று; வினா எதுவோ அதற்கேற்பத் தொகுப்பு அமையும். பின்னாளில் வேறு வினாவுடன் வருபவர் இதனை அறிந்து வர வேண்டும்.

இதனால்தான் ஆண்டுவாரியாகத் தாள்களை எண்ணி வரைபடம் தீட்டுவது ஏமாற்றக்கூடும். 1970களின் இறுதியில் தாள்கள் பெருகினால் அது புல் பெருகியதால் அன்று, திருச்சிக் குழு நடந்ததால் இருக்கலாம். அயல் தாவரப் பரவலை ஆராய்வோர் இதற்கு ஒரு மாற்று வழியைக் கையாள்கின்றனர். கினியாப்புல் தாள்களின் எண்ணிக்கையை, அதே பத்தாண்டில் அதே வட்டாரத்தில் சேகரிக்கப்பட்ட எல்லாப் புல் தாள்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதே அது. எடுத்துக்காட்டாக, ஒரு பத்தாண்டில் 40 புல் தாள்களில் 2 கினியாப்புல் என்றும், பின்னொரு பத்தாண்டில் 400இல் 8 என்றும் கொள்வோம். எண்ணிக்கை நான்கு மடங்கு உயர்ந்திருந்தாலும் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்துள்ளது. வரைபடம் ‘பரவல்’ என்று கூவும் இடத்தில் விகிதம் அமைதி காக்கும். இம்முறையும் முழுமையானதன்று. எல்லோருக்கும் தெரிந்த புல் என்பதாலேயே சேகரிப்பாளர் அதனை ஒதுக்கினால், புல் மிகுந்த காலத்தில்தான் விகிதம் குறையும். முதல் தாளின் தேதி, ‘இதற்குப் பிந்தாமல் வந்துவிட்டது’ என்பதற்கு மட்டும் சான்று. ‘அதற்கு முன் இல்லை’ என்பதற்குச் சான்று ஆகாது.

அறுப்பவர் இல்லாத நிலம்

கினியாப்புல்லை வெறும் ஊடுருவலாகக் காண்பது வேளாண் வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ (ஜிஜி) 3 எனத் தேர்ந்த இரகங்களை வெளியிட்டுள்ளது. 50 செ.மீ. வரிசை இடைவெளியிலும் 30 செ.மீ. செடி இடைவெளியிலும் எக்டருக்கு ஏறத்தாழ 66,000 வேர்க்கரணைகள் நடப்படுகின்றன. தென்னந்தோப்பின் நிழலிலும் விளைவதால் சிறு உழவருக்கு இது பெருந்துணை. வெயிலை விரும்பும் வெப்பமண்டலப் புற்களிடையே நிழல் தாங்கும் புல் அரிது. தோப்புக்கு ஏற்றதாக்கும் அதே பண்புதான் புதுச்சேரியைச் சுற்றி எஞ்சியுள்ள உலர் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளுக்கும் கோயிற்காடுகளுக்கும் அதனை அச்சமூட்டும் அண்டைவீட்டாராக்குகிறது. நன்மையும் தீமையும் இரு வேறு குணங்களிலிருந்து வரவில்லை.

பிற நாடுகளின் அனுபவம் இரு திசையிலும் செல்கிறது. இலங்கையின் உடவளவைத் தேசியப் பூங்காவில் கைவிடப்பட்ட சேனை நிலங்களில் இப்புல் அடர்ந்துள்ளது. யானைகள் அதனை மேய்கின்றன. ஹவாயின் மவுயித் தீவில் 2023 ஆகஸ்டு 8 அன்று லஹைனா நகரை எரித்த தீக்கு, கரும்புச் சாகுபடி நின்றுபோன நிலங்களில் காய்ந்து நின்ற கினியாப்புல் உள்ளிட்ட அயற்புற்கள் எரிபொருளாயின. இவ்விரு இடங்களிலும் பொதுவானது, முன்பு மனிதர் உழைத்த நிலம் உழைப்பாரின்றிப் போனமை. மூலக்குளம் போன்ற ஊர்களில் இதுவரை இப்புல்லை அடக்கி வந்தது மாடு வளர்ப்போரின் அரிவாள். வயல் மனையாகி, கொட்டகை கடையாகும்போது புல் இருக்கும், அறுப்பவர் இருக்கமாட்டார். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கெனக் கொள்கை வெளியிட்டபின் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, மஞ்சள்கொன்றை ஆகியவை பொதுக்கவனம் பெற்றுள்ளன. கண்ணை உறுத்தும் மரத்தையும் புதரையும் போலப் புல் எளிதில் வழக்குப் பொருளாவதில்லை. அதன் நிலையை முன்கூட்டி அறியத் தேவைப்படுவது இன்று எடுக்கப்படும் தாள்கள். மனை எண், மண், நிழல், அறுக்கப்படுகிறதா என்ற குறிப்பு, நட்டதா தானே முளைத்ததா என்ற ஒரு வரி ஆகியவை அத்தாள்களில் இடம்பெற வேண்டும்.

பாரிசும் கியூவும் தம் தாள்களைப் பல லட்சக்கணக்கில் ஒளிப்படமாக்கி இணையத்தில் வைத்துவிட்டன. பிளவுபட்ட கரை திரையில் மீண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பு இப்போதுதான் உருவாகியுள்ளது. ஆனால் தேடுபொறிக்குத் தெரிந்தது எழுத்துக்கூட்டல் மட்டும். உழவர்கரையைப் பிரெஞ்சுக்காரர் ‘உல்கரே’ என்று எழுதினர். வில்லியனூர் ‘வில்லெனூர்’ ஆயிற்று. ‘மூலக்குளம்’ என்பதன் உகர ஊகாரங்களை ஆங்கில முறையில் ஒருவிதமாகவும் பிரெஞ்சு முறையில் வேறுவிதமாகவும் எழுத வேண்டும். ஒரே குளக்கரையில் எடுத்த இரு தாள்கள் தரவுத்தளத்தில் இரண்டு ஊர்களாகக் கிடக்கும். அவை ஓர் ஊரே என்று இணைத்துக் காட்ட, சீட்டின் ஓரத்தில் அவ்வூரின் பெயர் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதப்பட்டிருந்தால் போதும்.